ஓடிப்போன ஜெம் மேஸும் அவரிடம் படித்தவர்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை இடைவேளை நேரம் ஸ்டாஃப் ரூம் வாசலில் தரம் 10 பொடியன்கள் நாலைந்து பேர் ஒருவனைச் சுற்றி நின்று கொண்டிருந்தார்கள். "ஓடினவன், ஓடினவன்" என்று ஒரே பாட்டு. விசாரித்தேன். குத்துச்சண்டைப் போட்டிக்குப் பெயர் கொடுத்து, மூன்று மாதம் பயிற்சி எடுத்து, அன்று காலை பஸ் ஏறாமல் வீட்டிலேயே இருந்துவிட்டானாம். முதல் போட்டி. பயம். பெயரும் வகுப்பும் சொல்ல மாட்டேன், ஊரில் பாதிப்பேருக்கு எப்படியும் தெரியும்.

"சேர், இனி கோச் இவன உள்ளுக்கு எடுக்க மாட்டார் என்ன?" என்று ஒருவன் கேட்டான். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் ஜெம் மேஸ். நான் படிப்பிப்பது வரலாறு, விளையாட்டு அல்ல. ஆனாலும் இந்த மனிதருடைய கதையை நாலைந்து வருடமாக யாருக்காவது சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

ஜெம் மேஸ் 1831 ஏப்ரல் 8ஆம் திகதி இங்கிலாந்தின் நோர்போக் மாவட்டத்தில் பீஸ்டன் என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தவர். வாப்பா கொல்லன். மகனுக்குக் கொல்லன் பட்டறையில் மனமில்லை, வயலினில்தான் மனம். சந்தைக்குச் சந்தை போய் வாசித்துப் பிழைத்தார். யாரோ முரடர்கள் அவருடைய வயலினை உடைத்துப்போட, அவர்களை அவர் தனியாளாக அடித்து விரட்ட, அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கனவான் காசு கொடுத்து "நீ குத்துச்சண்டைக்குப் போ" என்றார் என்று ஒரு கதை உண்டு. பெரிய வீரர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

அந்தக் காலத்துக் குத்துச்சண்டை எப்படி இருந்தது என்று சொல்லாமல் மேலே போக முடியாது. கையுறை கிடையாது, வெறுங்கை. ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம் என்ற கணக்கும் இல்லை. ஒருவன் கீழே விழுந்தால் அந்தச் சுற்று முடிந்தது. அது பத்து விநாடியிலும் முடியலாம், பதினைந்து நிமிடமும் போகலாம். விழுந்தவனுக்கு அரை நிமிட ஓய்வு. அதன்பின் எட்டு விநாடிக்குள் நடுக்கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் தோல்வி. எதிராளியைப் பிடித்துத் தூக்கி எறியவும் அனுமதி உண்டு. இத்தனைக்கும் இது சட்டவிரோதம். பொலிஸார் வந்தால் கயிறு, கம்பு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு அடுத்த மாவட்டத்து எல்லைக்கு ஓட வேண்டும். அதற்காகவே ரயிலிலும் படகிலும் ஏறிப் போய், ஆளில்லாத வயல்களிலும் ஆற்றுத் தீவுகளிலும் சண்டை வைத்தார்கள்.

இப்படிப்பட்ட சண்டையில் அன்றைய வழக்கம் நெஞ்சுக்கு நெஞ்சு நின்று, யார் முதலில் விழுகிறார்கள் என்று பார்ப்பது. பின்வாங்கினால் கோழை. பெரிய உடம்பும் அடிதாங்கும் சக்தியும்தான் முதல். மேஸ் அப்படியான ஆள் இல்லை. ஐந்தடி ஒன்பது அங்குலத்துக்குச் சற்று மேல், எடை 160 இறாத்தலை ஒட்டி. இன்றைய கணக்கில் மிடில் வெயிட்.

அவருக்கு முதலில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தவர் நெட் லங்ஹாம் என்ற பழைய வீரர். 1853இல் டொம் சேயர்ஸை வென்றவர். சேயர்ஸ் தன் வாழ்நாளில் தோற்றது அந்த ஒரு தடவைதான். லங்ஹாம் சந்தைகளில் குத்துச்சண்டைக் கூடாரம் போட்டு நடத்தினார். காசு கொடுத்து உள்ளே வந்து, "யாராவது என்னோடு நிற்கிறீர்களா?" என்று சவால் விடும் ஊர்ச் சண்டியர்களோடு கூடாரத்து ஆட்கள் மோத வேண்டும். இன்று கொல்லன், நாளை கசாப்புக்காரன், மறுநாள் குடித்துவிட்டு வந்த படைவீரன். இப்படி ஒரு நாளைக்குப் பலரோடு நிற்பவன், அடி வாங்காமல் அடிக்கத் தெரிந்தால்தான் மறுநாள் வேலைக்கு வர முடியும். மேஸ் படித்த பள்ளிக்கூடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இனித்தான் நம்முடைய பொடியனுக்கு உரிய பகுதி. 1850களின் நடுவில் லண்டன் வந்து, 1855இல் ஒரு சண்டையில் வென்று, பெயர் கொஞ்சம் வெளியே வரத் தொடங்கியபோது, மைக் மேடன் என்பவருடன் மேஸுக்குச் சண்டை நிச்சயிக்கப்பட்டது. பந்தயப் பணம் கட்டியாகிவிட்டது. ஆட்கள் காத்திருக்கிறார்கள். மேஸ் வரவே இல்லை. சண்டைக்குப் பயந்து ஓடிவிட்டான் என்று பத்திரிகைகள் எழுதின. சரி, அதோடு போகட்டும் என்றால், 1858இல் பொப் பிரெட்டில் என்பவரிடம் இரண்டே சுற்றில் தோற்றார். அதுவும் சில நிமிடங்களில். அதைப் பார்த்தவர்கள் இவன் வேண்டுமென்றே விழுந்தான் என்றார்கள். இருபத்தேழு வயது. கோழை என்ற பெயர் ஊர் முழுக்க. அந்தத் தொழிலில் அதற்கு மேல் ஒருவனுக்குக் கெட்ட பெயர் கிடையாது.

1860இல் அதே பிரெட்டிலோடு மறுபடியும் நின்றார், வென்றார். அதே வருடம் பொப் ட்ரவர்ஸ் என்ற கறுப்பினத்து வீரரோடும் மோதி வென்றார். இந்த ட்ரவர்ஸ் விசயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1861 ஜூன் மாதம் இங்கிலாந்தின் சம்பியன் சாம் ஹர்ஸ்ட். மல்யுத்தக்காரர், மேஸைவிட எத்தனையோ இறாத்தல் கனமானவர். அவருடைய பட்டப்பெயர் 'ஸ்டேலிபிரிட்ஜ் குழந்தை'. ஆங்கிலேயருக்கு நகைச்சுவை உண்டுதான்! அந்தக் 'குழந்தை' பிடித்துத் தூக்கினால் மேஸின் கதை முடிந்தது. மேஸ் பிடிபடவே இல்லை. இடது கையால் முகத்தில் குத்துவார், விலகுவார், மறுபடி குத்துவார், சுற்றிப் போவார். எட்டுச் சுற்றில் ஹர்ஸ்டுக்கு எதிரே நிற்பது யார் என்றே தெரியாத அளவுக்கு முகம் வீங்கிப்போனது. மேஸ் சம்பியன்.

1862 ஜனவரியில் டொம் கிங் என்ற உயரமான கப்பல்காரரோடு 43 சுற்று, ஒரு மணித்தியாலத்துக்கு மேல், வெற்றி. அதே வருடம் நவம்பரில் அதே கிங்கிடம் 21 சுற்றில் தோல்வி. வென்ற கிங் மூன்றாம் தடவை மோத விரும்பாமல் விலக, பட்டம் திரும்ப மேஸிடம் வந்தது. பிறகு ஜோ கோஸ் என்பவரோடு நடந்த சண்டைகள். அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கிலாந்தில் பொலிஸின் நெருக்குதல் கூடிக்கொண்டே போனது. 1869இல் மேஸ் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

1870 மே 10ஆம் திகதி, லூசியானா மாநிலத்தில் நியூ ஓர்லியன்ஸுக்குப் பக்கத்தில் உள்ள கென்னர் என்ற இடம். பார்வையாளர்கள் ரயிலில் வந்தார்கள். எதிரே டொம் அலன், அவரும் இங்கிலாந்தில் பிறந்தவர்தான். பக்கத்துக்கு 2,500 டொலர். மேஸுக்கு அப்போது 39 வயது. பத்துச் சுற்றில் அலனை முடித்தார். உலக சம்பியன் பட்டத்துக்கான சண்டை என்று சொல்லத்தக்க முதலாவது சண்டை அதுதான் என்று பல வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

பெரும்பாலான புத்தகங்கள் மேஸின் கதையை இங்கே முடித்துவிடும். ஒரு ஆசிரியனாக எனக்கு, உண்மையான கதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

1867இல் குயின்ஸ்பெரி விதிகள் என்று புதிய சட்டம் அச்சில் வந்திருந்தது. பெயர்தான் குயின்ஸ்பெரி பிரபுவுடையது, எழுதியவர் ஜோன் கிரஹாம் சேம்பர்ஸ். கையுறை, மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தால் பத்து எண்ணுவது, மல்யுத்தப் பிடி கூடாது. இன்று நம் பொடியன்கள் ஆடுவது அதன் வழியில் வந்ததுதான். பழைய வெறுங்கை வீரர்கள் பலர் இதைப் பெண்பிள்ளை விளையாட்டு என்று நக்கல் அடித்தார்கள். வெறுங்கைச் சண்டையின் உச்சியில் இருந்த மேஸ் கையுறையின் பக்கம் நின்றார். அவருடைய விளையாட்டுக்கு அது பொருந்தியது என்பதும் உண்மை. கால்களும் கண்ணும் தூரக்கணக்கும் உள்ளவனுக்கு, பிடித்துத் தூக்கி எறியும் சட்டம் போனால் இலாபம்தானே.

1877இல் அவுஸ்திரேலியா போனார். அரங்குகளில் டிக்கட் போட்டு, கையுறை அணிந்து, இது இப்படி, அது அப்படி என்று செய்து காட்டினார். இடது கையை நேராக நீட்டுவது எப்படி, குத்து வரும்போது தலையை எவ்வளவு மட்டும் நகர்த்த வேண்டும், பின்கால் எங்கே நிற்க வேண்டும், குத்துவதுபோல் காட்டிக் குத்தாமல் விடுவது எதற்காக. அன்றைக்கு அங்கே உள்ளவர்களுக்கு இது புதிது. குத்துச்சண்டை என்பது தைரியம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். அது படித்துக்கொள்ளக்கூடிய ஒன்று என்று காட்டியவர், ஒருகாலத்தில் தைரியமில்லாதவன் என்று பெயர் வாங்கிய மேஸ்.

அங்கே அவருக்குக் கிடைத்த மாணவர் லாரி ஃபோலி. சிட்னியில் வளர்ந்த கத்தோலிக்கர். அக்காலச் சிட்னித் தெருக்களில் கத்தோலிக்க வாலிபர் கூட்டம் ஒரு பக்கம், புரட்டஸ்தாந்து வாலிபர் கூட்டம் மறுபக்கம் என்று அடிதடி. பச்சைக்காரர், செம்மஞ்சள்காரர் என்று பெயர். ஃபோலி பச்சைக்காரர்களின் தலைவர். 1871இல் மறுபக்கத் தலைவர் சாண்டி ரொஸ்ஸோடு அவர் வெறுங்கையால் மோத, பொலிஸார் வந்துதான் நிறுத்தினார்கள். இரண்டு சமூகத்து வாலிபர்கள் தெருவில் கூட்டம் சேர்வது எப்படி முடியும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அந்தத் தெருச் சண்டியர் மேஸிடம் வந்து நின்றார். மேஸோடு அரங்கில் ஏறினார், அவரிடம் படித்தார். 1879 மார்ச்சில் மறே ஆற்றுப் பக்கம் ஏப் ஹிக்கன் என்ற பேர்பெற்ற வீரரை 16 சுற்றில் வென்றார். அதன் பிறகு சிட்னியின் ஜோர்ஜ் வீதியில் வைட் ஹோர்ஸ் ஹொட்டேலை எடுத்து, அங்கேயே பயிற்சிக்கூடம் வைத்தார். அந்தக் கூடத்தில் படித்து வெளியே வந்தவர்களைப் பாருங்கள்: 1890இல் ஃபெதர்வெயிட் உலகப் பட்டம் வென்ற யங் கிரிஃபோ, ஃபிராங்க் ஸ்லேவின், பொப் ஃபிட்ஸ்சிமன்ஸ், பீட்டர் ஜக்சன். ஒரே கட்டடம், ஒரே உஸ்தாத். நம்ம பக்கம் ஒருவர் ஓதிக்கொடுக்க வந்தால், "நீங்க யாரிட்ட ஓதின?" என்று முதலில் கேட்போமே, அந்தக் கேள்வியை இவர்களிடம் கேட்டால் எல்லோரும் ஃபோலியைச் சொல்வார்கள், ஃபோலி மேஸைச் சொல்வார், மேஸ் லங்ஹாமைச் சொல்வார்.

ஃபிட்ஸ்சிமன்ஸுக்கு மேஸோடு நேரடித் தொடர்பும் உண்டு. இங்கிலாந்தின் கோர்ன்வோலில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு நியூசிலாந்தின் திமாரு என்ற ஊருக்கு வந்தவர். கொல்லன் பட்டறையில் வேலை. ஒல்லிக் கால், மேல்பாதி மட்டும் சம்மட்டி தூக்கித் தூக்கி அகன்ற தோள். 1880களின் தொடக்கத்தில் மேஸ் நியூசிலாந்தில் புதியவர்களுக்கான போட்டிகளை ஊர் ஊராக நடத்தினார். திமாருவில் நடந்ததில் இந்தப் பொடியன் வந்து வென்றான். கொல்லன் மகன் ஒருவர் இன்னொரு கொல்லனைக் கண்டுபிடித்த கதை இது. பின்னர் அவர் 1891இல் மிடில் வெயிட், 1897 மார்ச் 17இல் நெவாடாவின் கார்சன் சிட்டியில் ஜேம்ஸ் கோர்பெட்டை 14ஆவது சுற்றில் வயிற்றுக்கு மேல் ஒரே குத்தில் உட்காரவைத்து ஹெவி வெயிட், 1903இல் லைட் ஹெவி வெயிட் என்று மூன்று எடைகளில் உலகப் பட்டம் வென்றார். அப்படி மூன்று எடைகளில் வென்ற முதல் மனிதர் அவர்தான்.

மேஸ் கண்டெடுத்தவர்கள் எல்லோருமே இப்படி ஆகவில்லை. நியூசிலாந்தில் ஹேர்பட் ஸ்லேட் என்றொருவர், மாவோரி இரத்தம் கொண்ட பெரிய உடம்பு. இவனை வைத்து ஜோன் எல். சலிவனை வீழ்த்தலாம் என்று மேஸ் கணக்குப் போட்டு, அமெரிக்காவுக்கே கூட்டிக்கொண்டு போனார். 1883 ஒகஸ்ட் 6, நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவயர் கார்டன். சலிவன் மூன்று சுற்றில் கதையை முடித்துவிட்டார். ஸ்லேட் தயாராக இருக்கவில்லை. மேஸுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது என்பது என் எண்ணம். டிக்கட் விற்றால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ. தன் மாணவனைத் தகுதிக்கு முன் மேடையேற்றிய எந்த ஆசிரியரும் இந்த இடத்தில் மேஸைக் குறை சொல்லக் கொஞ்சம் யோசிப்பார். நானும் யோசிக்கிறேன்.

பீட்டர் ஜக்சனின் கதைதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது. 1861இல் கரீபியன் கடலில் சென் குரோய் தீவில் பிறந்த கறுப்பினத்தவர். கப்பலில் வேலை செய்து சிட்னிக்கு வந்து சேர்ந்தவர். ஃபோலி அவரைக் கூடத்துக்குள் எடுத்தார், தொழில் கொடுத்தார், படிப்பித்தார். மேஸின் இடது கையும் கால்களும் ஃபோலி வழியாக ஜக்சனிடம் போய்ச் சேர்ந்தன. 1886இல் அவுஸ்திரேலிய ஹெவி வெயிட் சம்பியன். 1888இல் அமெரிக்கா போனார், சலிவனைத் தேடி.

சலிவன் கறுப்பினத்தவரோடு மோதுவதில்லை என்று வெளிப்படையாகவே சொன்னவர். அந்த மனிதர் முழு உலகத்துக்கும் சவால் விட்டார், ஒரு நிறத்தைத் தவிர. இங்கேதான் மேலே சொன்ன ட்ரவர்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடத்துக்கு முன்பு மேஸ் என்ற வெள்ளைக்காரர், கெட்ட பெயரிலிருந்து எழும்ப வேண்டிய நேரத்தில், ட்ரவர்ஸோடு நின்றிருக்கிறார்.

1891 மே 21, சான் பிரான்சிஸ்கோ. ஜக்சனும் கோர்பெட்டும் 61 சுற்று மோதினார்கள். சுற்றுக்கு மூன்று நிமிடமென்றால், ஓய்வையும் சேர்த்து நான்கு மணித்தியாலத்துக்கு மேல்! கடைசியில் இருவராலும் கை தூக்க முடியாமல் போக, முடிவில்லை என்று நிறுத்தினார்கள். அடுத்த வருடமே கோர்பெட்டுக்குச் சலிவனோடு பட்டத்துக்கு மோத வாய்ப்புக் கிடைத்தது, வென்று உலக சம்பியனானார். அதே 61 சுற்றுக்கு மறுபக்கம் நின்ற ஜக்சனுக்கு அந்த வாய்ப்பு ஒருநாளும் கிடைக்கவில்லை. 1892 மே மாதம் லண்டனில் தன் பழைய கூடத்து ஸ்லேவினை பத்தாவது சுற்றில் வென்றார். ஒரே ஆசிரியரின் இரண்டு மாணவர்கள். அதுவும் பட்டத்துக்கு வழி திறக்கவில்லை. காசநோய் பிடித்து, 1901 ஜூலையில் குயின்ஸ்லாந்தின் ரோமா என்ற ஊரில் நாற்பது வயதில் மௌத்தானார். பிரிஸ்பேனில் டூவொங் மயானத்தில் அடக்கம்.

1907இல் ஜக் ஜோன்சன் என்ற கறுப்பின வீரர் அவுஸ்திரேலியா வந்தபோது அந்தக் கல்லறைக்குப் போய் நின்றார். அடுத்த வருடம் டிசம்பர் 26, அதே அவுஸ்திரேலியாவில், சிட்னியில், டொமி பேர்ன்ஸை வென்று ஹெவி வெயிட் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார்.

அப்போது மேஸ் உயிரோடுதான் இருந்தார். 77 வயது. சம்பாதித்தது அத்தனையும் குதிரைப் பந்தயத்திலும் வேறு வழிகளிலும் போய்விட்டது. 58 வயதிலும், 1890இல், சார்லி மிட்செல் என்ற இளைஞரோடு கையுறை போட்டு மோதித் தோற்றிருந்தார். காசுக்காகத்தான். கடைசிக் காலத்தில் மறுபடியும் வயலினை எடுத்துத் தெருவில் வாசித்தார் என்றும் சொல்வார்கள். 1910 நவம்பர் 30ஆம் திகதி இங்கிலாந்தின் வடக்கில் ஜரோ என்ற ஊரில் இறந்தார். லிவர்பூலில் அன்ஃபீல்ட் மயானத்தில் அடக்கம் செய்தார்கள், பெயர் எழுதிய கல் எதுவும் இல்லாமல். 2002ஆம் ஆண்டுதான் லிவர்பூல் பக்கத்துப் பழைய குத்துச்சண்டை வீரர்கள் சங்கத்தினர் சேர்ந்து அங்கே ஒரு கல் வைத்தார்கள்.

இவ்வளவும் அந்தப் பொடியனுக்காக எழுதியது. நேற்று கோச்சைக் கடைத்தெருவில் கண்டேன். "அவன எடுக்க மாட்டீங்க என்று பொடியன்கள் சொல்றாங்களே" என்றேன். மனுசன் சிரித்தார். "சேர், அவன்ட கையுறை இன்னும் என்ட பேக்லதான் இரிக்கி. செவ்வாக்கிழம அஸருக்குப் பொறகு வரச் சொல்லுங்க" என்றார்.

மகன், வாசித்தாய் என்றால் செவ்வாய்க்கிழமை. வாப்பாவோடு நான் பேசிவிட்டேன்.